இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் வகுப்பில் குவாண்டம்: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு கையில் நின்றவை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பாடம் எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவர்கள். மேட்ரிக்ஸ் என்றாலே முகம் மாறிவிடும். இவர்களுக்கு குவாண்டம் கணினியையும் அது குறியாக்கத்தை என்ன செய்யும் என்பதையும் சொல்லிக்கொடுக்க, சில ஆண்டுகளாகப் பல கருவிகளைப் பயன்படுத்தி வருகிறேன். எல்லாமே இலவசம்தான். அதனால் 'வாங்கலாமா' என்ற கேள்வி இல்லை, வகுப்பு நேரத்தைக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் குவிர்க். கிரெய்க் கிட்னி உருவாக்கிய குவாண்டம் கணினி சிமுலேட்டர் இது. பிரவுசரிலேயே ஓடும், 16 க்யூபிட் (குவாண்டம் கணினியின் பிட்) வரை தாங்கும். க்யூபிட்டை 0, 1 இரண்டும் கலந்த நிலைக்குக் கொண்டுபோகும் ஹாடமார்டு கேட்டை இழுத்து வைத்த உடனே நிகழ்தகவு 50 சதவீதம் என்று திரையில் மாறும். ரன் பட்டன், லாகின் எதுவும் கிடையாது. ஒரே ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டால் நெட் இல்லாமலும் வேலை செய்யும். ஐப்பசி மழையில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும் ஊரில் இது பெரிய விஷயம், லேப்டாப்பில் சார்ஜ் இருந்தால் போதும். வரைந்த சர்க்யூட் முழுவதும் இணைய முகவரிக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே அசைன்மென்ட் வந்து சேர்ந்துவிடும். குறை என்றால் போன் திரைதான். சின்னத் திரையில் கேட்டைப் பிடித்து இழுப்பதற்குள் பிள்ளைகளுக்குப் பொறுமை போய்விடும்.

அடுத்தது ஐபிஎம்மின் நிஜ இயந்திரம். 2016 மே மாதம் 5 க்யூபிட் கணினி ஒன்றை இணையம் வழியாக யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். இப்போது இலவசக் கணக்கில் 28 நாளுக்கு 10 நிமிடம் இயந்திர நேரம் கிடைக்கிறது. கேட்கக் குறைவாகத் தெரியும், ஆனால் இரண்டு க்யூபிட் சர்க்யூட்டுக்குச் சில வினாடிகளே போதும். நான் இதை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுத்துகிறேன். பின்னிப்பிணைந்த (ஒன்றின் முடிவோடு மற்றதன் முடிவும் ஒத்துவரும்) இரண்டு க்யூபிட்டை அளந்தால் குவிர்க்கில் 00, 11 மட்டும் சரிபாதியாக வரும். நிஜ இயந்திரத்தில் கொஞ்சம் 01, கொஞ்சம் 10 என்று கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிழைதான் பாடம், நீண்ட கணக்கில் அது பெருகிக்கொண்டே போகும். 'இவ்வளவு கணினி இருந்தும் ஆர்எஸ்ஏ குறியாக்கத்தை ஏன் இன்னும் உடைக்கவில்லை?' என்ற கேள்விக்கு, இந்த நாலு பார் உள்ள வரைபடத்தைவிட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஐபிஎம்மின் பைத்தான் நிரல் தொகுப்பான கிஸ்கிட்டில் எழுதவைப்பதை நிறுத்திவிட்டேன். மோசமான மென்பொருள் என்பதால் இல்லை. 2024 பிப்ரவரியில் 1.0 பதிப்பு வந்தபோது எக்சிக்யூட் என்ற பழைய கட்டளையை எடுத்துவிட்டார்கள். ஆனால் பிள்ளைகள் தேடிப் பிடிக்கும் வீடியோ பாடங்களில் பாதி இன்னும் அதையே சொல்லிக்கொடுக்கின்றன. பைத்தான் பிழைச்செய்தியோடு மல்லுக்கட்டவே ஒரு மதியம் போய்விடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு அது பயிற்சி, எங்களுக்கு வீண்.

பிபி84-ஐத் தாளும் காசும் வைத்தே நடத்துகிறேன். 1984இல் பென்னட்டும் பிராசார்டும் கொண்டுவந்த குவாண்டம் சாவிப் பகிர்வு முறை அது: இருவர் ரகசியச் சாவியைப் பகிரும்போது நடுவில் யாராவது ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும். ஒருவர் காசு சுண்டி பிட்டையும் பேஸிஸையும் (அளக்கும் இரண்டு விதங்களில் எது என்பதை) எழுதுவார், மற்றவர் தன் பேஸிஸைச் சுண்டி முடிவு செய்வார். பொருந்தாத பாதியை அடித்துவிட்டால் மீதி சாவி. நடுவில் ஒருவரை உட்காரவைத்து எல்லாத் தாளையும் 'அளக்க'ச் சொன்னால், மீதியில் சுமார் 25 சதவீதம் தப்பாகும். ஒரு குழுவின் தாளில் மட்டும் பார்த்தால் இந்தக் கணக்கு வராமலும் போகலாம், மொத்த வகுப்பையும் கூட்டிப் பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும். எச்சரிக்கை ஒன்று: இதை நடத்திய பிறகு 'குவாண்டம் தாக்குதலுக்குத் தீர்வு பிபி84தான்' என்று பரீட்சையில் எழுதிவைப்பார்கள். இது தனி ஒளியிழையும் தனிக் கருவியும் கேட்கும் விஷயம். உலகம் மாறிக்கொண்டிருப்பது சாதாரணக் கணினியிலேயே ஓடும் புதிய கணித முறைகளுக்கு. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்ட் 13 அன்று அவற்றில் மூன்றைத் தரநிலையாக வெளியிட்டது: சாவிப் பரிமாற்றத்துக்கு எம்எல்-கெம், கையொப்பத்துக்கு எம்எல்-டிஎஸ்ஏவும் எஸ்எல்எச்-டிஎஸ்ஏவும்.

அதை நேரில் காட்ட முடியும் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. குரோமில் டெவலப்பர் டூல்ஸ் திறந்து, செக்யூரிட்டி பகுதிக்குப் போய், கூகுள் பக்கத்தின் சாவிப் பரிமாற்றம் என்னவென்று பாருங்கள். எக்ஸ்25519 என்ற பழைய முறையோடு எம்எல்-கெம் 768 சேர்ந்து நிற்கும். அதே இடத்தில் சான்றிதழைத் திறந்தால் கையொப்பம் பழைய வகைதான். பாதி வீடு மாறிவிட்டது, பாதி மாறவில்லை என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அளவையும் அப்போதே போர்டில் எழுதிவிடுவேன்: எக்ஸ்25519 பொதுச்சாவி 32 பைட், எம்எல்-கெம் 768 பொதுச்சாவி 1184 பைட். நாளைக்கு ஒரு நிறுவனத்தின் சிஸ்டத்தைக் கவனிக்கப் போகிறவர்களுக்கு அலை இயக்கவியலைவிட இந்த எண்தான் உதவும்.

பயத்தையும் கையாள வேண்டியிருக்கும். பெரிய எண்களை வேகமாகக் காரணிப்படுத்தும் ஷோரின் 1994 குவாண்டம் அல்காரிதத்தைச் சொன்ன உடனே, "அப்ப ஜிபேல உள்ள பைசா எல்லாம் போயிருமா சார்?" என்று ஒரு குரல் வரும். ஷோர் அடிப்பது ஆர்எஸ்ஏ, நீள்வட்ட வளைவு போன்ற பொதுச்சாவி வகைகளை. தகவலைப் பூட்டும் ஏஇஎஸ் குறியாக்கத்தை அடிக்கக் குரோவரின் குவாண்டம் தேடல் முறைதான் உண்டு, 256 பிட் சாவிக்கு அது போதாது. அப்புறம் கிட்னியின் கணக்கைச் சொல்வேன், குவிர்க் எழுதிய அதே ஆள். 2019இல் எகெரா என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க 2 கோடி க்யூபிட்டும் 8 மணி நேரமும் தேவை என்று கணித்தார். 2025இல் அதுவே 10 லட்சத்துக்கும் குறைந்த க்யூபிட், ஒரு வாரத்துக்குள் என்று இறங்கிவிட்டது. இன்றைய இயந்திரங்கள் அதற்கும் வெகு கீழேதான் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், தூங்கிவிடவும் வேண்டாம் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

குறியாக்க ஆய்வாளர் மோஸ்காவின் கணக்குதான் எங்கள் பிள்ளைகளிடம் நன்றாகப் பிடித்தது. தகவல் எத்தனை ஆண்டு ரகசியமாக இருக்க வேண்டும், சிஸ்டத்தை மாற்ற எத்தனை ஆண்டு ஆகும், இரண்டையும் கூட்டினால் குவாண்டம் கணினி வரும் காலத்தைத் தாண்டுகிறதா? தாண்டினால் இன்றைக்கே பிரச்சினை, ஏனென்றால் இப்போது பிடித்துவைத்து அப்போது திறக்கலாம். உதாரணம் கேட்டால் முதலில் வருவது பத்திரம். 1956 நவம்பருக்கு முன்பு திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் எழுதிய ஆதாரங்கள் இன்னும் பல வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கின்றனவே. ஆனால் பத்திரம் ரகசியம் இல்லை, வில்லங்கம் போட்டால் யாரும் பார்க்கலாம். அதற்கு வேண்டியது பல தலைமுறை நிற்கும் கையொப்பம். ரகசியம் காக்க வேண்டியது இருபது வயதில் எடுத்த ஒரு ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஐம்பது வருஷத்துக்கு. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் எம்எல்-கெம் எதற்கு, எம்எல்-டிஎஸ்ஏ எதற்கு என்று மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

கடைசியில் ஒரு அசைன்மென்ட். தெரிந்த ஒரு கடை அல்லது ஆபீஸில் குறியாக்கம் எங்கெல்லாம் இருக்கிறது என்று பட்டியல் எடுக்க வேண்டும். ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனவர்கள் யூஎஸ்பி டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கனைக் கண்டுபிடித்து வருவார்கள், அதை மாற்ற வேண்டியது யார் என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்து. எனக்கு வரும் விடைத்தாள்களில் ரசித்துத் திருத்துவது இதைத்தான்.

ஐந்து மணி நேரம்தான் கிடைக்கும் என்றால்: குவிர்க்குக்கு ஒன்று, காசு விளையாட்டுக்கு ஒன்று, குரோமுக்கும் பைட் கணக்குக்கும் ஒன்று, மீதி இரண்டும் பட்டியலுக்கு. ஐபிஎம் முடிவை முந்தின நாளே ஓட்டிப் படமாக எடுத்துக்கொண்டு போங்கள், வகுப்பில் வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை.