அம்மாவின் இனிப்பு நீருக்கு எந்தக் கிளினிக்?

மலேசியாவில் சுமார் 400 பேருக்கு ஒரு டாக்டர் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் பயிற்சி டாக்டர்களும் தனியார் மருத்துவமனை நிபுணர்களும் சேர்த்தி. கோலாலம்பூரில் டாக்டர்கள் குவிந்திருக்க, சபாவில் ஆள் பற்றாக்குறை.

இந்த நிலையில், பினாங்கில் வயதான அம்மா அப்பாவுக்கு அரசாங்கக் கிளினிக்கா, தனியாரா என்று பலர் கேட்கிறார்கள். சளி, காய்ச்சல் என்றால் தனியாரே போதும். அரை மணியில் வீடு திரும்பலாம்.

இனிப்பு நீர் (நீரிழிவு), ரத்தக் கொதிப்பு என்றால் நான் அரசாங்கக் கிளினிக்கைத்தான் சொல்வேன். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். ரத்தப் பரிசோதனை, கண், பாதச் சோதனை எல்லாம் ஒரே பதிவில் தொடரும். மாதா மாதம் மருந்து வாங்கவும் டாக்டரைப் பார்க்க வேண்டியதில்லை. மருந்துக் கவுண்டரில் மருந்துச் சீட்டைக் காட்டினால் போதும். தனியாரில் இதே மாத்திரைகளுக்கு மாதா மாதம் கைக்காசு கரையும்.

குறை காத்திருப்புதான். காலை ஏழரைக்கே நாற்காலிகள் நிறைந்துவிடும். உள்ளே போனால் சில நிமிடங்கள்தான், அடுத்த முறை வேறு டாக்டர். அந்த டாக்டர்கள்மேல் கோபப்பட எனக்கு மனம் வராது. 2016 கடைசியிலிருந்து அரசாங்கம் இளம் டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது. 2021 ஜூலை 26-ல் அவர்கள் கறுப்பு உடையில் வெளிநடப்பு செய்ததும் அதனால்தான். நிரந்தர வேலை கிடைக்காதவர் தனியாருக்கோ சிங்கப்பூருக்கோ போகிறார்.

தனியாரில் ஒரே டாக்டர் அம்மாவைப் பெயர் சொல்லி அழைப்பார். அதுவும் பெரிய விஷயம்தான். அங்கேயே தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.