தகவல் பலகைக்குக் காட்டன் துணிப் பிரிண்ட்: மலைக் குளிருக்குத் தாங்குமா?

மாணவர் தலைமைத்துவ மாநாட்டுக்குத் தகவல் பலகை வேண்டும் என்றதும் எல்லாரும் போவது ஃப்ளெக்ஸ் பேனருக்கோ சன்போர்டு என்ற கெட்டி ஃபோம் பலகைக்கோதான். இரண்டும் பிளாஸ்டிக். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் எடுத்த தலைப்போ நீலகிரியின் பிளாஸ்டிக் தடை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். அதற்குப் பல வருஷம் முன்பே, சுப்ரியா சாகு கலெக்டராக இருந்தபோது, இந்த மாவட்டம் அதைத் தொடங்கிவிட்டது. இதைச் சொல்லும் பலகையைப் பி.வி.சி. ஷீட்டில் அடிக்கக் கூடாது என்று மாணவர் மன்றத் தலைவியே கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் கோத்தகிரியில் இருந்து ஊட்டிக்கு நாங்கள் கொண்டுபோனது காட்டன் கேன்வாஸில் அடித்த பலகை, 3 அடிக்கு 4 அடி. அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

முதலில் நல்லது. பஸ்ஸில் கொண்டுபோகலாம். சன்போர்டை இந்த அளவில் தூக்கிக்கொண்டு கூட்டமான பஸ்ஸில் ஏறினால் முனை உடையாமல் இறங்க முடியாது. துணியைச் சுருட்டிப் பழைய பேப்பரில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டால் போதும், மடிக்க மட்டும் கூடாது, மடித்த இடத்தில் மை வெடித்துக் கோடு விழுகிறது. மேலும் கீழும் துணியை மடித்துத் தைத்து அதற்குள் ரீப்பர் கட்டை (மெல்லிய நீள மரச்சட்டம்) செருகச் சொன்னோம். இங்கே பனிமூட்டம் இறங்கினால் காட்டன் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும், கீழ்க்கட்டையின் கனம்தான் அதைச் சுருக்கமில்லாமல் பிடித்து நிறுத்துகிறது. சார்ட் பேப்பரை டபுள் சைடு டேப்பில் ஒட்டிய பக்கத்துப் பலகை மதியத்துக்குள் மூலைகள் சுருண்டு முன்னால் வந்துவிட்டது.

கடையில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: துணி என்று சொல்லிப் பாலியெஸ்டரில் அடித்துக் கொடுக்கிறார்கள். ஓரத்தில் இருந்து ஒரு நூலை உருவி நெருப்புக் காட்டினால் தெரிந்துவிடும். காட்டன் என்றால் பேப்பர் எரிந்த வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கருப்பாக உருண்டைப் பிடிக்கும். நாங்கள் முதலில் விசாரித்த கடையில் காட்டிய சாம்பிள் உருகியது, அதனால் வேறு கடைக்குப் போனோம்.

குறைகள் இருக்கின்றன. சதுர அடிக்கு ஃப்ளெக்ஸை விட விலை கூடுதல், நிறமும் அந்த அளவுக்குப் பளிச்சென்று வராது, தேயிலைத் தோட்டத்துப் படம் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது. இதைவிட முக்கியமானது எழுத்து. துணியின் நெசவு சின்ன எழுத்தை விழுங்குகிறது, அதில் முதலில் போவது தமிழின் புள்ளிதான். 20 பாயிண்டில் அடித்துக் காட்டிய துண்டில் 'மக்கள்' கிட்டத்தட்ட 'மககள' என்று தெரிந்தது. 32 பாயிண்டுக்கு ஏற்றிய பிறகுதான் ஒவ்வொரு புள்ளியும் தனியாக நின்றது. தலைப்பு 10 அடி தூரத்தில் இருந்து தெரிய வேண்டும் என்றால் எழுத்தே ஒரு அங்குல உயரமாவது வேண்டும், அதற்கு 100 பாயிண்டுக்கு மேல் போக வேண்டும். வரிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் விடுங்கள், மேல் வரியின் 'ழு'வும் கீழ் வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும்.

அப்புறம், வாட்ஸ்அப்பில் டைப் செய்து அனுப்பி "அடித்துக் கொடுங்கண்ணா" என்று விட்டுவிடாதீர்கள். பழைய டிசைன் மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைச் சரிசெய்யக் கடைக்காரர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் முழுவதையும் மறுபடி டைப் செய்வார், அதில் புதுப் பிழைகள் வரும். பி.டி.எஃப். ஆக்கிக் கொடுப்பதே சரி. எங்களுக்கு அடித்துக் கொடுத்தவர் ஒரு சாண் துண்டு சாம்பிள் அடித்துக் காட்டிவிட்டுத்தான் முழுப் பலகையை ஓட்டினார், அதற்காகவே அவரிடம் மறுபடி போவேன்.

பலகையில் என்ன போடுவது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சிறப்பு விருந்தினர் படம், பள்ளி முகப்புப் படம், இதெல்லாம் வேண்டாம். தலைமைத்துவம் என்று மாநாடு நடத்திவிட்டுப் பிள்ளைகள் எடுத்த முடிவு ஒன்றுகூடப் பலகையில் இல்லை என்றால் அது யாருக்கு? எங்கள் பலகையில் மேலே ஒரு கேள்வி: "தடை இருந்தும் நம் பஸ் ஸ்டாண்டில் பிளாஸ்டிக் எப்படி வருகிறது?" நடுவில் பிள்ளைகள் கடை கடையாகப் போய்க் கேட்டு எழுதிய பதில்கள், கடைக்காரர்கள் சொன்ன சிரமங்களையும் சேர்த்து. கீழ் மூன்றில் ஒரு பங்கு வெற்று. அங்கே மற்ற பள்ளிப் பிள்ளைகள் தங்கள் யோசனையைத் துண்டுச் சீட்டில் எழுதி ஊக்கால் குத்தினார்கள், குன்னூர்ப் பையன் ஒருவன் படுக மொழியிலேயே எழுதிக் குத்திவிட்டுப் போனான். ஃப்ளெக்ஸில் குத்தியிருந்தால் ஓட்டை அப்படியே தங்கியிருக்கும். கேன்வாஸில் ஊக்கை எடுத்ததும் தடமே தெரியவில்லை.

ஒரே நாள் நிகழ்ச்சி, வெளியில் மழையில் வைக்க வேண்டும் என்றால் இது வேண்டாம், நனைந்தால் காய நேரமாகும். ஹாலுக்குள் வைப்பதானால் தயங்காமல் வாங்குங்கள். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது, அடுத்த வருஷம் அதில் அக்ரிலிக் பெயிண்ட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம்.