நெஞ்சு இறைச்சி: ஓவனா, குக்கரா?

மாட்டின் நெஞ்சு இறைச்சியை முழுத் துண்டாக, பல்லுக்கு வேலை வைக்காத பதத்தில் எடுக்க எது நல்லது? எங்கள் வீட்டில் இது இரண்டு வருட வழக்கு. உம்மா பிரஷர் குக்கர் கட்சி, நான் ஓவன் கட்சி. ஓவனை வாங்கியது நான்தான், அதனால் என் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். அதையும் கணக்கில் வைத்துப் படியுங்கள்.

குக்கருக்குச் சேரவேண்டியதை முதலில் கொடுத்துவிடுகிறேன். இரண்டு கிலோத் துண்டு ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும், ஓவனில் நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாது. செலவிலும் குக்கர்தான் மலிவு. என் ஓவன் 1500 வாட். விடாமல் எரிந்தால் நான்கு மணித்தியாலத்துக்கு 6 அலகு. தெர்மோஸ்டாட் இடையிடையே அணைப்பதால் மீற்றரில் மூன்றுக்குச் சற்று மேல்தான் ஓடியிருந்தது. ஆனாலும் பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறுகிற நாட்டில் அந்த மூன்றும் கணக்குத்தான். அப்புறம் சூடு. கொழும்பில், தெமட்டகொடையில் ஒரு சின்ன வீட்டுக் குசினியில், ஏப்ரல் மாதத்தில் நான்கு மணித்தியாலம் ஓவன் ஓடினால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, பிறகு ஏன் ஓவன்? காரணம் ஒன்றே ஒன்றுதான்: குக்கரில் பிரேக் இல்லை.

மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னுடம்பின் பாரத்தை நெஞ்சுத் தசைகள் தாங்குகின்றன, அதனால் அந்த இடத்தில் கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புத் திசு அதிகம். சுமார் 70 டிகிரிக்கு மேல்தான் அது மெல்ல மெல்ல ஜெலட்டினாகக் கரையத் தொடங்கும். 60 டிகிரியில் எடுத்தால் நெஞ்சு இறைச்சி செருப்புத்தோல். 93, 95 வரை போய் அங்கே கொஞ்ச நேரம் நின்றால்தான் மெத்தென்று ஆகும். குக்கருக்குள் இருப்பதோ 120 டிகிரியை ஒட்டிய சூடு. கொலாஜன் வேகமாகக் கரைகிறது, அதே வேகத்தில் தசை நாரும் சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடுகிறது. 'இன்னும் இறுக்கம்' என்பதற்கும் 'நார் நாராகப் போச்சு' என்பதற்கும் நடுவில் என் அனுபவத்தில் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்க்கவும் முடியாது. பிரஷர் இறங்கி, திறந்து, குத்திப் பார்த்து, போதாதென்று மறுபடி மூடினால் அடுத்த விசிலில் எல்லை தாண்டிவிடும். "ரெண்டு விசில் கூடப் போனா என்னவாம்?" என்பா உம்மா. கறிக்கு ஒன்றும் ஆகாது. துண்டு போடவேண்டிய இறைச்சிக்கு அந்த இரண்டு விசில்தான் எல்லாம்.

ஓவனில் அதே இடைவெளி முக்கால் மணித்தியாலம், சில வேளை ஒரு மணித்தியாலம். வெளிச்சூடு 140 ஆக இருந்தாலும் ஈரமான இறைச்சியின் உள்சூடு ஆமை வேகத்தில்தான் ஏறும். திறக்கலாம், குத்தலாம், மூடலாம். லுஹர் தொழுதுவிட்டு வந்தும் பார்க்கலாம்.

இதை நான் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, மின் நிலையத்துக்குள் புகுந்த குரங்கொன்றின் புண்ணியத்தில் இலங்கை முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை. என் இறைச்சி ஓவனில் பாதி வழியில் இருந்தது. ஒரு மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஃபொயிலைப் பிரித்துக் குக்கருக்கு மாற்றி, கேஸில் இருபத்தைந்து நிமிடம் வைத்தோம். மூடியைத் திறந்து கரண்டியால் தூக்கினேன். கரண்டியில் வந்தது கொஞ்சம், மிச்சம் சாற்றுக்குள் கழன்று விழுந்தது. ருசியில் குறையில்லை, பாணுக்குள் வைத்துச் சாப்பிட்டோம். ஆனால் கத்திக்கு வேலையே வரவில்லை. கரண்டை நம்பியிருப்பது ஓவனின் குறை என்று உம்மா இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் எடுப்பா. அவ சொல்வதும் சரிதான்.

ஓவன் வழி பெரிய வித்தையில்லை. கடையில்தான் முதல் போராட்டம். "நெஞ்சு ரெண்டு கிலோ" என்று சொல்லி முடிக்குமுன் கத்தி மரக்குற்றியில் இறங்கிவிடும். "நானா, வெட்டாதீங்க, முழுசாத் தாங்க, கொழுப்பையும் எடுக்காதீங்க" என்பதை ஒரே மூச்சில் சொல்லவேண்டும். போயாவுக்கு, அதாவது பௌர்ணமி விடுமுறைக்கு, இறைச்சிக் கடை பூட்டு, அதனால் முதல் நாளே வாங்கி, கிலோவுக்கு 15 கிராம் உப்பும் மிளகும் உள்ளியும் வறுத்த கறித்தூள் கொஞ்சமும் பூசி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பேன். குர்பான் இறைச்சியை அன்றைக்கே ஓவனில் வைக்காதீர்கள். அறுத்த தசையின் விறைப்பு இறங்க ஒன்றிரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

முதல் ஒன்றரை மணித்தியாலம் திறந்தபடி, கம்பித் தட்டில். மேல் நிறம் வந்ததும் ஃபொயிலில் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றவேண்டும். சுற்றாவிட்டால் உள்சூடு 65, 70 பக்கம் வந்து அப்படியே நின்றுவிடும். வெளியே ஈரம் ஆவியாகி, நமக்கு வியர்வை காய்ந்தால் குளிர்வதைப் போல இறைச்சியையும் குளிர்விக்கிறது. புதிதாகச் செய்பவர்கள் இந்த இடத்தில் பயந்து சூட்டைக் கூட்டிக் காயவைத்துவிடுவார்கள். குமிழில் எழுதியிருக்கும் டிகிரியையும் அப்படியே நம்பவேண்டாம். என்னுடையதில் 140க்குத் திருப்பினால் உள்ளே 165 இருந்தது. ஓவனுக்குள் வைக்கும் சின்னத் தெர்மோமீற்றர் ஒன்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. பதம் பார்க்க ஒரு கபாப் கம்பி போதும். பழுத்த பப்பாளிக்குள் இறங்குவதுபோல் தடையில்லாமல் இறங்கவேண்டும்.

எடுத்ததும் வெட்டக்கூடாது. ஃபொயிலோடு துவாயில் சுற்றி, மீன் வந்த ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியைக் கழுவி அதற்குள் ஒரு மணித்தியாலம் வைப்பேன். வெட்டுவது நாருக்குக் குறுக்கே. நெஞ்சில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தசைகள் இருக்கின்றன, நார் ஓடும் திசை இரண்டிலும் வேறு. பாதியில் பலகையைத் திருப்பாவிட்டால் நான்கு மணித்தியால வேலையும் வாயில் சவ்வாக இழுபடும்.

இதெல்லாம் மின்சார ஓவனில், உள்ளூர் மாட்டில் பார்த்தது. கேஸ் ஓவனில் நான் செய்ததில்லை. இறக்குமதி இறைச்சியில் ஒரே ஒரு தடவை செய்தேன், கொழுப்பு கூட இருந்தது, அரை மணித்தியாலம் முந்தி ஆனது. ஒரு தடவையை வைத்துச் சட்டம் போட எனக்குத் துணிவில்லை. துண்டு துண்டாக வெட்டிக் கறி வைப்பதென்றால் ஓவன் பக்கமே போகாதீர்கள், அதற்குக் குக்கர்தான்.

ஃபொயிலில் தேங்கும் சாற்றை உம்மா எனக்குத் தருவதில்லை. மறுநாள் கடலைக் கறிக்கு ஊற்றுகிறா. கடலை வேகுவது குக்கரில்.