கடல் தாண்டி இருக்கும் சிப்பாயின் ஓட்டு: தபாலா, ப்ராக்ஸியா?

படையில் இருப்பவர் படிவம் 2 கொடுத்து, சொந்த ஊர்த் தொகுதியில் சர்வீஸ் வோட்டராகப் பதிந்துகொள்ளலாம். ஊருக்கு வராமலே ஓட்டுப் போட அவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தபால் ஓட்டு. இன்னொன்று, ஊரில் இருக்கும் ஒருவரைத் தன் சார்பில் போடச் சொல்லும் ப்ராக்ஸி ஓட்டு. இரண்டில் ஒன்றுதான், ப்ராக்ஸி நியமித்தவருக்குத் தபால் வாக்குச்சீட்டு வராது.

2024 மக்களவைத் தேர்தலின்போது என் மகன் ஐ.நா. அமைதிப்படையில் தெற்கு சூடானில் இருந்தான். நாங்கள் ப்ராக்ஸியைத் தேர்ந்தெடுத்தோம். கடலூரில் அவன் ஓட்டைப் போட்டவன் நான். படைவீரர் குடும்பங்கள் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லிவருகிறேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தபால் ஓட்டு முன்பு இருந்த மாதிரி இல்லை, அது உண்மை. நானும் படையில் இருந்தவன்தான். அந்தக் காலத்தில் எல்லையில் இருந்த எங்களுக்குச் சீட்டு வந்து சேரும்போது ஊரில் எண்ணிக்கையே முடிந்திருக்கும். 2016 அக்டோபரில் விதியைத் திருத்தி, சீட்டை மின்னணு வழியில் அனுப்பலாம் என்று ஆக்கினார்கள். அதை முதலில் செய்து பார்த்தது நமக்குப் பக்கத்தில், புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். ஓடிபி, பின் எண் கொடுத்துச் சீட்டைப் பதிவிறக்கி, அச்செடுத்து, ஓட்டைக் குறித்து அனுப்ப வேண்டும். 2019-ல் 18 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சர்வீஸ் வோட்டர்களில் ஏறத்தாழ 10.84 லட்சம் பேரின் சீட்டுகள் திரும்பி வந்தன. கிட்டத்தட்ட 60 சதவீதம். பழைய நிலைமையை அனுபவித்தவனுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் சரியாகியிருப்பது சீட்டு வீரரிடம் போகிற வழி மட்டும்தான். திரும்பி வருகிற வழி இன்னும் காகிதம்தான். குறித்த சீட்டு உள் உறைக்குள் போக வேண்டும். 13ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தில் வாக்காளர் கையெழுத்துப் போட்டு, அதற்கு ஓர் அதிகாரி சான்றொப்பம் இட வேண்டும். அந்தப் படிவம் உள் உறைக்குள் போகக் கூடாது. உள் உறையோடு சேர்த்து வெளி உறையில் வைக்க வேண்டும். கையெழுத்தோ சான்றொப்பமோ இல்லை, வரிசை எண் ஒத்துப்போகவில்லை என்றால் உள் உறையைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள். இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், எண்ணிக்கை தொடங்கும் காலை 8 மணிக்குள் உறை தேர்தல் அலுவலர் கையில் இருந்தாக வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தக் கெடுதான். 2024-ல் நமக்கு ஓட்டுப்பதிவு ஏப்ரல் 19, எண்ணிக்கை ஜூன் 4. தபாலுக்குத் தாராளமாக நேரம் இருந்தது. 2021-ல் ஏப்ரல் 6, மே 2, அதுவும் பரவாயில்லை. 2016 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப்பதிவு மே 16, எண்ணிக்கை மே 19, இடையில் மூன்றே நாள். எல்லா மாநில ஓட்டையும் ஒரே நாளில் எண்ணுவதால், சிப்பாயின் ஓட்டு எண்ணப்படுமா என்பது மற்ற மாநிலங்களில் எத்தனை கட்டமாகத் தேர்தல் நடக்கிறது என்பதைப் பொறுத்துப் போகிறது. வெளிநாட்டில், முகாமுக்குத் தபால் எடுத்துப்போக வண்டி என்றைக்கு வரும் என்று தெரியாத இடத்தில் இருப்பவனுக்கு இது நியாயமே இல்லை. அவன் உரிமை தேர்தல் அட்டவணையை நம்பி இருக்கக் கூடாது.

ப்ராக்ஸியில் இந்தப் பாடு கிடையாது. 2003-ல் சட்டம் திருத்தி, முப்படையினருக்கும் ராணுவச் சட்டத்துக்கு உட்பட்ட படைகளில் இருப்பவர்களுக்கும் கொடுத்த வசதி இது. ப்ராக்ஸி ஆகிறவர் அந்தத் தொகுதியில் குடியிருப்பவராக, 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மகன் விடுப்பில் வந்திருந்தபோதே படிவம் 13எஃப்-இல் நோட்டரி முன்னால் இருவரும் கையெழுத்துப் போட்டோம். நான் கொண்டுபோய் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தேன். பணியிடத்திலிருந்தே செய்வதென்றால் வீரர் யூனிட் கமாண்டர் முன் கையெழுத்துப் போட்டு அனுப்பலாமாம்; அந்த வழியில் நாங்கள் போகாததால் எவ்வளவு நாள் பிடிக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

ஓட்டுப்பதிவு அன்று சாவடியில் கொஞ்சம் நிற்க வேண்டியிருந்தது. ப்ராக்ஸி நியமித்த வீரர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அங்கிருந்த அலுவலர் அதை எடுத்துப் பார்க்கச் சற்று நேரமானது. என் ஓட்டுக்கு இடது ஆள்காட்டி விரலில் மை, மகன் ஓட்டுக்கு நடுவிரலில் மை. பீப் சத்தம் கேட்டதும் அவன் ஓட்டு இயந்திரத்துக்குள் போய்விட்டது. உறை, சான்றொப்பம், தபால் வண்டி என்று எதற்கும் காத்திருக்கவில்லை.

குறை இல்லாமல் இல்லை. ரகசியம் போய்விடுகிறது. அரசியலில் அவன் வேறு பக்கம், நான் வேறு பக்கம். அவன் போனில் சொன்ன சின்னத்தைத்தான் அழுத்தினேன். ஆனால் அழுத்தினேன் என்பதற்கு என் வார்த்தையைத் தவிர அவனிடம் எந்தச் சாட்சியும் கிடையாது. இந்த நம்பிக்கை வீட்டில் இல்லையென்றால் தபாலுக்கே போங்கள். மகன் சொல்வதை அப்பா கேட்கமாட்டார், அல்லது ப்ராக்ஸியாகப் போகும் மனைவி எந்தச் சின்னத்தை அழுத்துவது என்பதை அவருடைய மாமனார் தீர்மானிப்பார் என்ற நிலையில் ப்ராக்ஸி என்பது ஓட்டைப் பறிகொடுப்பதுதான். உள்நாட்டில் ஒழுங்காகத் தபால் வசதி உள்ள இடத்தில் இருப்பவருக்கும் தபால் ஓட்டு போதும். தன் கையால் குறிக்கும் நிறைவு அதில் உண்டு.

ப்ராக்ஸி என்றால், வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்கு முன்பே 13எஃப் படிவம் தேர்தல் அலுவலரிடம் சேர்ந்தாக வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் வெளிநாட்டில் இருப்பவருக்கு நேரம் போதாது; அடுத்த விடுப்பிலேயே முடித்துவிடுங்கள். ஒருமுறை கொடுத்தால், அவர் சர்வீஸ் வோட்டராக இருக்கும்வரை அது செல்லும். மனம் மாறினால் 13ஜி படிவம் கொடுத்து ரத்து செய்யலாம். ப்ராக்ஸி இறந்துவிட்டால் புதிதாக ஒருவரை நியமிக்க வேண்டும். எனக்கு வயதாகிறது, அதனால் அடுத்த விடுப்பில் மருமகள் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.