பழைய ஸ்டேஷன் வேகன் வாங்குவதற்கு முன் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்: நான் ஏமாந்த விதம்

பதினான்கு ஆண்டுகள் ஓடிய ஒரு ஸ்டேஷன் வேகனை (கூரை பின் கதவுவரை நீண்டு, பின்னால் சாமான் வைக்க இடம் தாராளமாக உள்ள கார்), பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒருவரிடமிருந்து சில மாதங்களுக்கு முன் வாங்கினேன். வாங்கிய விலையில் பாதிக்கும் மேல் இதுவரை பழுதுபார்க்கச் செலவாகிவிட்டது. அந்தப் பழுதுகளில் ஒன்றுகூட வாங்கிய பிறகு வந்ததல்ல. எல்லாம் வண்டியிலேயே இருந்தன, மறைக்கப்பட்டிருந்தன. இன்ஜின், கியர், கிளட்ச் ஆகியவற்றை ஓரளவு பார்க்கத் தெரிந்தவன் என்பதால் மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லாமல் நானே பார்த்து முடிவு செய்தேன். மற்ற கார்களைப் பார்ப்பது போலவே முன்பக்கத்தைத் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் இடம் தாராளமாக இருக்கிறது என்று மகிழ்ந்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் தயாராக வைத்திருக்கிறேன்" என்றார் விற்பவர். அதை உபசரிப்பாக எடுத்துக்கொண்டேன். டிக்கியில் புத்தம் புதிய தரைவிரிப்பு ஒட்டப்பட்டிருந்தது. வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தது. இவை மூன்றும் தற்செயலானவை அல்ல என்பது பிறகுதான் புரிந்தது.

மூன்றாவது வாரம் நல்ல மழை பெய்தது. மறுநாள் ஒரு திருப்பத்தில் வண்டியைத் திருப்பும்போது பின்னால் எங்கோ தண்ணீர் தளும்பும் ஓசை கேட்டது. மெக்கானிக் ஒட்டியிருந்த விரிப்பைப் பிய்த்துத் தூக்கினார். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் நான்கு விரல் உயரத்துக்குப் பழுப்பு நிறத் தண்ணீர் நின்றது. ஸ்டெப்னியை இறுக்கும் போல்ட் துருவேறித் திருகவே முடியாமல் இருந்தது. பள்ளத்தின் ஓரத்தை அவர் ஸ்குரூ டிரைவரால் மெல்லத் தட்டினார். தகடு அப்பளம் போல் உதிர்ந்தது. "சார், இது இன்னிக்கு நேத்துப் பிடிச்ச துரு இல்ல" என்றார். அந்தத் துருவின் மேல்தான் பசை தடவிப் புதிய விரிப்பை ஒட்டியிருந்தார்கள். வாசனைத் திரவியம் ஈர வாடையை மறைக்கத்தான்.

வேகனில் தண்ணீர் புகுவதற்கு வழிகள் அதிகம். கூரை வண்டியின் பின்கோடிவரை நீள்கிறது. கூரையின் மேலுள்ள கம்பிகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் அடியிலுள்ள ரப்பர் காய்ந்தால் அதன் வழியே இறங்கும். சன்ரூஃப் இருந்தால், அதன் மூலைகளிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வண்டிக்குள்ளேயே வழியும். பின்விளக்குகளின் ரப்பரும், பம்பருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் காற்றுப்போக்கிகளின் (வண்டிக்குள்ளிருக்கும் காற்று வெளியேறும் திறப்புகளின்) ரப்பரும் வயதானால் கசியும். பின்கண்ணாடியைக் கழுவும் தண்ணீர்க் குழாய்கூடப் பல வண்டிகளில் கூரை வழியாகத்தான் பின் கதவுக்குப் போகிறது. அது கீல் அருகே விரிசல் விட்டால் மழையே இல்லாமலும் உள்ளே நனையும். எந்த வழியாக வந்தாலும் தாழ்வான இடமான அந்தப் பள்ளத்தில் போய்த்தான் தேங்குகிறது. சில மாடல்களில் பேட்டரியும் மின்னணுப் பெட்டிகளும் அதன் அருகிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், நஷ்டம் துருவோடு முடிவதில்லை.

பின் கதவுக்குப் போகும் வயர்களின் கதையும் இதுதான். கூரைக்கும் கதவுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் ஓடும் வயர்கள் வளைகின்றன. பல ஆண்டுகளில் அவை முறிந்துபோகின்றன. என் வண்டியில் அந்த உறையைப் பின்னுக்குத் தள்ளியபோது ஏழெட்டு வயர்களில் மூன்று முறிந்திருந்தன. செம்பு பச்சை பூத்திருந்தது. ஒன்றில் யாரோ டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஆகவே பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, பின்கண்ணாடி சூடேற்றி, மத்தியப் பூட்டு ஆகிய நான்கையும், கதவை மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே சோதித்துப் பாருங்கள். அப்படியே அரை உயரத்தில் கதவை விட்டுப் பாருங்கள். தாங்கும் தண்டுகள் தளர்ந்திருந்தால் அது தலையில் விழும்.

இன்ஜினை முன்கூட்டியே ஓடவிட்டிருந்ததன் காரணம் எனக்கு மிகவும் வலித்தது. என் வண்டியின் பின்சக்கரங்களில் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் இருக்கின்றன; பாரம் ஏற்றினாலும் வண்டி சமமாக நிற்கவேண்டும் என்பதற்காகச் சில வேகன்களில் இந்த ஏற்பாடு உண்டு. ரப்பர் பை வயதாகி விரிசல் விட்டால் இரவு முழுவதும் காற்று கசிந்து, காலையில் வண்டியின் பின்பக்கம் படுத்திருக்கும். இன்ஜின் ஓடினால் கம்ப்ரஸர் காற்றை நிரப்பிச் சில நிமிடங்களில் தூக்கிவிடும். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடும் அந்தக் கம்ப்ரஸரும் விரைவில் எரிந்துபோகும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கினால்தான் இன்ஜினுக்குள் தேய்ந்துபோன டைமிங் சங்கிலியின் சலசலப்பும், எண்ணெய் எரிவதைக் காட்டும் நீலப் புகையும் தெரியும். காற்றுக் கசிவு, இன்ஜினின் நிலை இரண்டையும் விற்பவர் ஒரே செயலால் மறைத்துவிட்டார். முந்தைய இரவு முழுவதும் அணைந்திருந்த வண்டியைக் காலையில் போய்ப் பாருங்கள். பானட்டில் கை வைத்து, சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். சுருள்வில் உள்ள வேகன்களிலும் வருடக்கணக்கில் பாரம் சுமந்ததால் வில் உடைந்திருக்கலாம் என்பதால், டார்ச் அடித்துக் கீழ்ச்சுற்றுவரை பாருங்கள்.

சங்கிலிக்குப் பதிலாக டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு இசைவாக இயக்கும் ரப்பர் பட்டை) உள்ள வண்டியில், அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் குறைவாக ஓடியிருந்தாலும் அந்த ரப்பருக்கு வயது ஆகிறது, அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். டயரின் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மீட்டரில் குறைந்த ஓட்டம் காட்டும் வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாகத் தேய்ந்திருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் விளக்கும் ஏர்பேக் விளக்கும் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதை யாரோ செயலிழக்கச் செய்திருக்க வாய்ப்பு உண்டு.

தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழியை என் மெக்கானிக் சொன்னார். ஒருவர் டார்ச்சுடன் டிக்கிக்குள் உட்கார்ந்துகொள்ள, இன்னொருவர் கூரையிலும் பின் கதவின் ஓரங்களிலும் பத்து நிமிடம் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ஒளிக்க எதுவுமில்லாத விற்பனையாளர் இதற்குத் தடை சொல்லமாட்டார்.

நான் திரும்பிப்போய்க் கேட்டபோது, "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று நான் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டினார். இருக்கும் நிலையிலேயே வாங்கிக்கொள்வதாக அதில் ஒரு வரி இருந்தது. அவசரத்தில் நான் அதைப் படிக்கவில்லை. துருவின் மேல் ஒட்டப்பட்ட பசையையும், டேப் சுற்றிய வயரையும் படமெடுத்து, மெக்கானிக்கின் கையெழுத்துடன் அறிக்கையும் இணைத்து, பழுதுபார்த்த செலவைத் திருப்பித் தருமாறு அவருக்கு எழுத்து மூலம் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.