விந்தணுச் சுத்திகரிப்பா, வைரஸை அடக்கிய இயல்பான கருத்தரிப்பா?

எனக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு; என் மனைவிக்கு இல்லை. பிள்ளை வேண்டும் என்ற ஆசையை மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் இரண்டு வழிகளை எடுத்துரைத்தார். விந்தணுக்களை ஆய்வகத்தில் சுத்திகரித்துக் கருப்பைக்குள் செலுத்துவது ஒன்று; ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. எதிர்ப்பு மாத்திரையால் இரத்தத்தில் வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்கு அடக்கிவிட்டு இயல்பாகவே கருத்தரிப்பது மற்றொன்று. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

சுத்திகரிப்பு முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் இருப்பது; 1992-லேயே இத்தாலிய மருத்துவர்கள் அதன் முடிவுகளை வெளியிட்டனர். விந்து நீரையும் அதிலுள்ள வெள்ளணுக்களையும் சுழற்றிப் பிரித்து நீக்கி, எஞ்சும் விந்தணுக்களில் வைரஸ் இல்லை என்று சோதித்த பிறகே பயன்படுத்துகிறார்கள். விந்தணு எண்ணிக்கை குறைவு போன்ற தனிக் காரணம் இருப்பவர்களுக்கு இது பொருத்தமானதாக இருக்கலாம். நாங்கள் அந்தச் சிகிச்சைக்குள் போகவில்லை என்பதால், அதில் காத்திருக்கும் மாதங்களின் மனச்சுமையைப் பற்றி நான் பேசுவது முறையாகாது.

இரண்டாவது வழியை நம்ப எங்களுக்குத் துணிவளித்தது பார்ட்னர் ஆய்வு. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 888 இணையர்களை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியான அதன் முடிவுகளின்படி, ஆணுறையற்ற சுமார் 58,000 உறவுகளுக்குப் பிறகும், வைரஸ் அடக்கப்பட்ட துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்று பரவவில்லை. தாய்க்குத் தொற்று வராதவரை, தந்தைக்கு இருப்பதால் மட்டும் குழந்தைக்கு வந்துவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் உறவினர் பலர் அஞ்சியது அதைத்தான்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஆய்வு மட்டுமன்று, மாத்திரையின் அன்றாடத் தொடர்ச்சி. இயல்பான வழியின் பாதுகாப்பு முழுவதும் ஒரு நாளும் தவறாமல் மருந்து உட்கொள்வதில்தான் நிற்கிறது: வைரஸ் அளவு ஆறு மாதமாவது கண்டறிய முடியாத நிலையிலேயே நீடிக்க வேண்டும், மருந்து விட்டுப்போனால் அது மீண்டும் ஏறும். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை, ஏனெனில் ஆய்வகத்தில் விந்தணுவைச் சுத்திகரித்தாலும் நான் உயிரோடிருந்து பிள்ளையை வளர்க்க அதே மாத்திரையை அதே ஒழுங்குடன் போட்டாக வேண்டும். தவிர்க்க முடியாத ஒரு கடமையே பாதுகாப்பையும் தருகிறதென்றால், அதன்மேல் இன்னொரு சிகிச்சையை ஏற்றிக்கொள்ள எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. இரவு ஒன்பது மணிக்கு "போட்டாச்சா?" என்று மனைவி கேட்பது அப்போது தொடங்கியது, மகளுக்கு நான்கு வயதான பிறகும் நிற்கவில்லை.

மாத்திரை அடிக்கடி தவறுகிறவர்களும், அண்மையில்தான் சிகிச்சை தொடங்கியவர்களும் அவசரப்படக் கூடாது. அத்தகைய நிலையில் தொற்றில்லாத துணை பிரெப் என்னும் முன்தடுப்பு மாத்திரை எடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்; என் மனைவி கேட்டறிந்து, வேண்டாமென்று தானே முடிவெடுத்தார்.

பெண்ணுக்குத் தொற்று இருந்தால் கணக்கு வேறு. சிகிச்சையே இல்லாதபோது 15 முதல் 45 விழுக்காடு வரை குழந்தைக்குப் பரவக்கூடிய தொற்று, கருத்தரிப்புக்கு முன்பிருந்தே வைரஸ் அடக்கப்பட்டிருந்தால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்குகிறது. ஆனால் உறவின் மூலம் பரவாது என்ற உறுதியைத் தாய்ப்பாலுக்கு அப்படியே நீட்டிக்க முடியாது. அதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் தனியாகப் பேசிவிட வேண்டும்.