கட்டுடலைப் பார்த்து டயட் குழுவில் சேரலாமா? கீட்டோ, தாவர உணவு, இடைவெளி விரதம்: ஓர் ஒப்பீடு

கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் டயட் வீடியோ வராத நாளே இல்லை. செந்தூல் மாமா மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் கீட்டோ பக்கம், பிரிக்பீல்ட்ஸ் சித்தி தாவர உணவுப் பக்கம், வேலைக்குப் போகும் இளசுகள் பதினாறு மணி நேர விரதத்தின் பக்கம். எது நல்லது என்று பேச்சு எழுந்தால் ஐந்து நிமிடத்தில் அது வீடியோவில் பேசும் ஆளைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. "அம்பத்தஞ்சு வயசு, வயித்தப் பாரு எவ்வளவு தட்டையா இருக்கு." "அந்தம்மா முகத்துல என்ன களை!" "இவரு நல்லாத்தான் பேசுறாரு, ஆனா எலும்பும் தோலுமா இருக்காரே, இவரை எப்படி நம்புறது?"

இந்த அளவுகோலை விட்டுவிட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 15.6 சதவீதம் பேருக்கு இனிப்புநீர். 54.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இன வாரியாகப் பார்த்தால் இனிப்புநீர் இந்தியர்களிடம்தான் அதிகம். நம்மில் பலர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் இந்தக் குழுக்களுக்குள் நுழைகிறோம். அதனால் யாரை நம்புகிறோம் என்பது நமக்கு விளையாட்டுக் காரியம் இல்லை.

இரண்டு பிரையன் ஜான்சன்கள்

முதலில் இந்த இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இருவரும் அமெரிக்கர்கள், இருவரும் 1977-இல் பிறந்தவர்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் உச்சரித்தால் இருவரும் பிரையன் ஜான்சன்தான். இருவருமே கேமரா முன்னால் சட்டையில்லாமல் நிற்பவர்கள், இருவருமே சத்துப் பொருள் விற்பவர்கள்.

ஒருவர் 'லிவர் கிங்'. பச்சை ஈரலும் விலங்கு உறுப்புகளும் தின்று ஆதி மனிதனைப் போல் வாழ்ந்ததால் வந்த உடம்பு இது என்று சொல்லி லட்சக்கணக்கானோரைச் சேர்த்தார். ஸ்டீராய்டு உண்டா என்று கேட்டவர்களிடம் இல்லை என்றார். 2022 கடைசியில் அவருடைய மின்னஞ்சல்கள் கசிந்தன. மாதம் 11,000 டாலருக்கு மேல் இத்தகைய மருந்துகளுக்கே போனது தெரியவந்தது. அதே டிசம்பரில் வீடியோ போட்டு ஒப்புக்கொண்டார்.

மற்றவர், சாகாமல் இருக்கப் பார்க்கும் கோடீஸ்வரர். காய்கறி, பருப்பு, கொட்டை, ஆலிவ் எண்ணெய் என்று தாவர உணவுக்காரர். இந்த முயற்சிக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் செலவிடுவதாகச் சொன்னவர். குறைந்த கலோரியில் முகம் ஒட்டிப்போனதும், 2024-இல் வேறொருவர் தானம் கொடுத்த கொழுப்பை முகத்தில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். ஒவ்வாமையாகி முகம் வீங்கிவிட்டது. அந்தப் படத்தை அவரே வெளியிட்டார்.

இந்த இரண்டு உடம்புகளில் உணவு செய்தது எவ்வளவு, ஊசி செய்தது எவ்வளவு என்று பார்ப்பவரால் பிரிக்கவே முடியாது. ஆனால் ஒருவர் மறைத்து மாட்டிக்கொண்டார், மற்றவர் தோல்வியைத் தானே காட்டினார். எனக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். வயிற்றுத் தசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

தோற்றத்தை வைத்துத் தூக்கிவிடுவது போலவே கவிழ்ப்பதும் நடக்கிறது. குறைந்த மாவுச்சத்து உணவைப் பரப்பிய டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் 2003-இல் நியூயார்க்கில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே இறந்தார். இறக்கும்போது எடை 258 பவுண்டு, அதாவது 117 கிலோ என்ற பதிவு மறு ஆண்டு கசிந்ததும் "பார்த்தீர்களா, டயட் டாக்டரே குண்டு" என்று எதிரணி கொண்டாடியது. மருத்துவமனையில் சேர்த்தபோது அவர் எடை 195 பவுண்டுதான். மீதி, நினைவிழந்து கிடந்த நாட்களில் உடம்பில் சேர்ந்த நீர். அவர் சொன்ன உணவு சரியா தவறா என்பதற்கு இந்த இரண்டு எண்களில் எதுவும் பதில் ஆகாது.

நம் உடம்பு பேசாத செய்தி

2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. பூனே மருத்துவர் சி. எஸ். யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் எஸ். யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் (பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக்கணக்கு) 22.3. இருவரும் ஒல்லியாகவே தெரிகிறார்கள். யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒரே எடைக்கணக்கில் இந்திய உடம்பு இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பை ஒளித்து வைத்திருக்கிறது. 'ஒல்லியா இருக்காரு, அவருக்கு என்ன நோய் வரப்போகுது' என்ற பேச்சு நம்மிடம் எடுபடாததற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. மலேசிய மருத்துவ வழிகாட்டுதல்கள் அதிக எடைக்கான உடல் நிறை எண் வரம்பை 25-லிருந்து 23-க்கு இறக்கி வைத்திருப்பதும் ஆசிய உடம்பை மனதில் வைத்துத்தான்.

படத்தில் ஜெயிப்பது எது?

கீட்டோதான், சந்தேகமே இல்லை. சோறும் ரொட்டி சானாயும் நிறுத்திய முதல் வாரத்திலேயே இரண்டு மூன்று கிலோ இறங்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்திலிருந்து உடம்பு சேமித்து வைத்த கிளைகோஜன் கரையும்போது தன்னோடு பிடித்து வைத்திருந்த நீரையும் விட்டுவிடுகிறது. முகம் வடியும், சிலுவார் தளரும், 'முன்–பின்' படம் தயார். நியாயமாகச் சொன்னால், கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கை நாளுக்கு மூன்று கிளாஸ் குடித்தவருக்கு மாவுச்சத்தைக் குறைப்பதால் ரத்தச் சர்க்கரையும் உண்மையாகவே குறையும். அந்தப் பலனை நான் மறுக்கவில்லை.

ஆனால் படத்தில் வராதவை இரண்டு இருக்கின்றன. ஒன்று, ரத்தக் குழாயில் படியும் 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல். கீட்டோவில் சிலருக்கு அது வெகுவாக ஏறுகிறது, அதுவும் ஒல்லியானவர்களிடம் கூடுதலாக. குழுவில் மிக அழகான உடம்பு வைத்திருப்பவரின் ரத்த அறிக்கையே மிக மோசமாக இருக்கலாம். இரண்டாவது, மருந்து. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுபவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். வீடியோக்காரருக்கு நோயும் இல்லை, மாத்திரையும் இல்லை. அவர் உடம்பு இதை எப்படி எச்சரிக்கும்?

தாவர உணவுக் குழுக்களில் வயிற்றுக்குப் பதில் முகம் பேசும். அந்தக் 'களை'க்கு ஒரு காரணமும் உண்டு. நம் செமிஞ்சேயில் இருக்கும் நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகத்து ஆய்வாளர்கள் மாணவர்களுக்குச் சில வாரம் தினமும் பழ, காய்கறிச் சாறு கொடுத்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். காய், பழங்களில் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளால் முகத்தோலின் நிறம் அளக்கும்படி மாறியிருந்தது. சரி, காய்கறி சாப்பிட்டதற்கு அது அடையாளம்தான். விலங்கு உணவிலிருந்து கிடைக்கும் வைட்டமின் பி12 குறைந்திருப்பதை அந்தப் பளபளப்பு சொல்லாது. ஈரலில் இருக்கும் பி12 கையிருப்பு சில ஆண்டுகள் தாங்கும். பிறகுதான் கால் மரத்துப்போவதும் மறதியும் தலைகாட்டும். மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரையை நீண்ட நாள் சாப்பிடுபவருக்கு அதனாலும் பி12 குறையும். நம் வீடுகளில் மெட்ஃபார்மினும் சைவமும் சேர்ந்தே இருப்பது சகஜம். கால் மரத்தால் 'சீனி நோய்தான் காரணம்' என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுவார்கள்.

இடைவெளி விரதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் பசியாறாமல் எடுத்த படத்தில் யார் வயிறும் தட்டையாகத்தான் தெரியும். 2022-இல் வெளியான, சீனாவின் குவாங்சோ நகரத்து ஆய்வில் 139 பேரை ஓராண்டு கவனித்தார்கள். கலோரியைக் குறைத்தவர்களைவிட, கலோரியைக் குறைத்து நேரக்கட்டுப்பாட்டையும் சேர்த்தவர்கள் பெரிதாக ஒன்றும் முந்தவில்லை. இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் இதைத் தொடங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம்.

கேமரா யாரைத் தேடிப் போகிறது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. இரண்டுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. ஆனால் ஒவ்வோர் அணிக்குள்ளும் 25 கிலோவுக்கு மேல் இறங்கியவரும் இருந்தார், எடை கூடியவரும் இருந்தார். டயட் குழுக்களில் அந்த 25 கிலோக்காரர்தான் தலைவர் ஆகிறார். எடை கூடியவர் சத்தமில்லாமல் குழுவை விட்டுப் போய்விடுகிறார். மீதி இருப்பவர்களின் உடம்பைப் பார்த்து டயட்டை எடைபோட்டால், எந்த டயட்டும் அதிசயமாகத்தான் தெரியும்.

நாலாவதாக ஒன்றையும் இங்கே சேர்க்க வேண்டும்: சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ'. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் கோழி பருப்பு, பாதி காய்கறியும் பழமும். இதற்கு நட்சத்திரம் இல்லை, 'முன்–பின்' படம் இல்லை, ரசிகர் கூட்டமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இலையின் நடுவில் குன்றுபோல் சோறு. மேலே இரண்டு தொட்டுக்கை, ஆளுக்கு ஒரு கரண்டி. பக்கத்தில் அப்பளம். சோறு குறைவதற்குள் வாளியோடு அடுத்த சுற்று வந்துவிடுகிறது. அந்தச் சோற்றைக் கால் பங்காக்கி, தொட்டுக்கையை மறுபடி மறுபடி கேட்டு வாங்கினாலே கணிசமான மாற்றம் வரும். மாத்திரையோடு வாழும் என் சொந்தக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இது போதாதபோது மருத்துவர் கண்காணிப்பில் மாவுச்சத்தை இன்னும் குறைக்கலாம். முழுத் தாவர உணவுக்கு மாறுபவர் பி12-ஐச் சேர்த்தே தொடங்க வேண்டும்.

குழு வேண்டும் என்றால் தாராளமாகச் சேருங்கள், தனியாகச் சமாளிப்பது கஷ்டம்தான். தலைவரின் வயிற்றைப் பார்க்காமல் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். உறுப்பினர்கள் ரத்த அறிக்கை போடுகிறார்களா, சட்டை கழற்றிய படம் மட்டுமா? பலன் கிடைக்காதவர் எழுதினால் 'நீ சரியாகப் பின்பற்றவில்லை' என்று பாய்கிறார்களா, காரணம் தேடுகிறார்களா? தலைவர் பேசும் உணவையே அவர் பொடியாகவும் விற்கிறாரா?

சேர்ந்த அன்றே ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: "அண்ணே, நான் கிளிக்லசைடு சாப்பிடறேன், நாளையிலிருந்து இதை ஆரம்பிக்கலாமா?" சில நிமிடத்தில் "மாத்திரையை விட்டுடுங்க தம்பி, எல்லாம் சரியாயிடும்" என்று பதில் வந்தால் அங்கேயே வெளியேறிவிடுங்கள். "எத்தனை மில்லிகிராம், கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) எவ்வளவு, உங்க கிளினிக் டாக்டருக்குத் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்டால் இருங்கள். கேட்டவருக்குத் தொந்தி இருந்தாலும் பரவாயில்லை.